வான்கோழியின் பேரால் ஆறு மாதம்

மனிதன் செய்கிற குற்றத்தையெல்லாம் நாற்பத்து மூன்று படியாகப் பிரித்து ஒரே தாளில் அடக்கிவிட்டார்கள் அமெரிக்கக் கூட்டரசு நீதித்துறைக்காரர்கள். மேலிருந்து கீழே நாற்பத்து மூன்று வரிசை, இடமிருந்து வலமாக ஆறு பத்தி. பார்த்தால் பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி இருக்கும். விரலை வைத்துக் கீழே இறங்கி, அப்படியே பக்கவாட்டில் நகர்த்தினால், எத்தனை மாதம் உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கட்டம் சொல்லிவிடும். ஊரைக் கொள்ளையடித்தவனுக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு, ஆளைக் கடத்தினவனுக்கும் உண்டு. முப்பத்து நாலு வருஷமாக நார்த் டகோடாவின் மார்டெல் கிராமத்துக்குத் தபால் போட்டுக்கொண்டிருந்த ஓர்வில் நெஸ்ஸுக்கும் அதில் ஒரு கட்டம் காத்துக்கொண்டிருந்தது. அவருக்குத்தான் தெரியாது.

அவர் செய்த குற்றம் இதுதான். அவருடைய வட்டத்தில் தொண்ணூற்று நாலு வீடு. வீட்டுக்கு வீடு அரை மைல் கோதுமை வயல். அந்தத் தொண்ணூற்று நாலு வீட்டுக்காரர்களும் தனித்தனியாக, வெவ்வேறு நாளில், காரை மறித்து ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தார்கள். பில் வந்தால் போடு, பேரப்பிள்ளை கடுதாசி வந்தால் போடு, இந்த பீட்சா நோட்டீஸ், காது மெஷின் நோட்டீஸ் எல்லாம் எங்கள் பெட்டியில் திணிக்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்றார்கள். பீட்சாக் கடையோ எழுபது மைலுக்கு அப்பால் இருந்தது.

ஓர்வில் யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழக்கப்படாத மனிதர். அதே சமயம் அரசாங்க ஊழியர். தபாலைக் குப்பையில் போட அவருக்குக் கை வருமா? வரவில்லை. ஆகவே நோட்டீஸ்களை வருஷவாரியாகக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த தகரக் குதிருக்குள் அடுக்கினார். ரக்கூன் என்கிற திருட்டு விலங்கு புகுந்து நாசம் பண்ணக்கூடாதே என்று ஒரு பூட்டும் போட்டார். ஆறு வருஷத்தில் பதினோராயிரத்து நானூறு நோட்டீஸ் சேர்ந்துவிட்டது.

ஒருநாள் தபால் துறை ஆய்வாளர் ஒருவர் வந்து, சில விளம்பர நோட்டீஸ்கள் காணாமல் போனதைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று மிகவும் நைச்சியமாக விசாரித்தார். ஓர்வில், “எந்த வருஷத்து நோட்டீஸ் வேணும் சார்?” என்று கேட்டார். ஆய்வாளருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுச் சாவியை எடுக்கப் போனார்.

வேலை போனது பற்றி அவருக்கு அவ்வளவு வருத்தமில்லை. அவருடைய கவலை வேறு. மனைவி ஆர்டிஸுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள், ஐம்பத்திரண்டு மைல் தள்ளி ஹாக்ஸ்டன் நகரத்து டயாலிசிஸ் நிலையத்தில் நாலு மணி நேரம் அவள் ரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்ய வேண்டும். பேருந்து கிடையாது. பிள்ளைகள் கிடையாது. குளிர்காலத்தில் காற்று பனியை வாரியடித்தால் சாலை எது, வயல் எது என்று தெரியாத ஊர் அது. முப்பத்து நாலு வருஷம் அந்தச் சாலையிலேயே புழங்கினவர் என்பதால் ஓர்வில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். அக்கம்பக்கத்தார் அறுப்புக் காலத்தில் ஒருநாள் வரலாம், இரண்டு நாள் வரலாம். வாரத்துக்கு மூன்று நாள் யார் வருவார்கள்?

நீதிமன்றம் அவருக்கு பிரெண்டா ஸ்கோக்லண்ட் என்ற வக்கீலை நியமித்தது. நல்ல பெண், சும்மா சொல்லக்கூடாது. முதல் சந்திப்பில் ஓர்வில் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். “வக்கீலம்மா, செவ்வாய், வியாழன், சனி நான் வெளியில இருக்கணும். மத்த நாலு நாள் எங்க வேணா போட்டு அடைச்சுக்கச் சொல்லுங்க.” அதைக் கேட்டு பிரெண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மஞ்சள் தாளில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டாள். அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். நீதித்துறை அப்படியெல்லாம் முடித்துவிடாது.

முதலில் கணக்குப் போட ஒரு அதிகாரி வந்தார். தண்டனைக்கு முன்னால் ஆளைப் பற்றி அறிக்கை எழுதுவது அவர் வேலை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, நிதானமாகக் கூட்டிக் கழித்தார். குற்றத்துக்கு அடிப்படைப் புள்ளி ஆறு. பொறுப்பான பதவியில் இருந்துகொண்டு செய்ததால் இரண்டு. பாதிக்கப்பட்டவர்கள் பத்துப் பேருக்கு மேல் என்பதால் இரண்டு. குதிருக்குப் பூட்டுப் போட்டிருந்ததால், அதிநுட்பமான முறையில் மறைத்ததற்கு இரண்டு. அது ரக்கூனுக்காகப் போட்ட பூட்டு என்றார் ஓர்வில். பூட்டைக் குறித்துத்தான் விதி இருக்கிறதே தவிர, யாருக்காகப் பூட்டினார் என்பது குறித்து இல்லை என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். செய்ததை ஒப்புக்கொண்டதற்காக இரண்டைக் கழித்தார். மிச்சம் பத்து. பத்தாவது வரிசை, இதற்கு முன் குற்றம் எதுவும் செய்யாததால் முதல் பத்தி. ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம்.

பாதிக்கப்பட்ட தொண்ணூற்று நாலு வீட்டாருக்கும் நீதிமன்றத்திலிருந்து படிவம் போயிற்று. உங்களுக்கு நேர்ந்த துன்பத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள் என்று அதில் கேட்டிருந்தது. தொண்ணூற்று நாலு பேரும் பதில் எழுதினார்கள். தங்கள் வாழ்நாளில் அரசாங்கம் தங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் ஓர்வில் செய்ததுதான் என்று எழுதினார்கள். இரண்டு பேர் படிவத்தோடு ஜாம் பாட்டிலும் அனுப்பியிருந்தார்கள். இதைப் படித்த அரசு வக்கீல் கிளைன் அசரவில்லை. தாங்கள் பாதிக்கப்பட்டதே தெரியாத அளவுக்கு இவர்கள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள், ஆகவே பன்னிரண்டு மாதமும் வேண்டும் என்று மனுப் போட்டார். ஜாம் சாட்சிப் பொருளாக எண் போட்டு வைக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் பிரெண்டாவுக்குப் படிப்பு குறுக்கே வந்தது. அந்த நாட்டில் வக்கீல்கள் சாகிறவரை படித்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்ததாகச் சான்று காட்டாவிட்டால் உரிமத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். உட்காருவதுதான் முக்கியம், தூங்கக் கூடாதென்று விதியில்லை. பிரெண்டாவுக்கு வருஷக் கடைசிக்குள் பன்னிரண்டு மணி பாக்கி இருந்தது. ஆகவே ‘தண்டனைக் குறைப்பு வாதக் கலை’ என்ற வகுப்பில் சேர்ந்தாள். வாஷிங்டனிலிருந்து வந்திருந்த பேராசிரியர் லமோரோ அதை நடத்தினார். போனபோது அவள் ஒழுங்காகத்தான் போனாள். வந்தபோது வேறு ஆளாக வந்தாள்.

“மிஸ்டர் நெஸ், அந்த டயாலிசிஸ் விஷயத்தை எடுத்துடலாம்னு இருக்கேன்” என்றாள்.

ஓர்விலுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. “அது ஒண்ணுதானே வக்கீலம்மா இருக்கு?”

“அது ரொம்பச் சாதாரணம். பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல, பார்த்துக்க ஆளில்ல, இதை எல்லாரும் சொல்றாங்க. சாதாரணமான குடும்பக் கஷ்டத்தைக் கோர்ட்டு பெருசா எடுத்துக்காது. நமக்கு அசாதாரணமா ஏதாவது வேணும். உங்களுக்குன்னு, வேற யாருக்கும் இல்லாத மாதிரி.”

எல்லோருக்கும் இருக்கிற கஷ்டம் என்றால் அது பெரிய கஷ்டம் என்றுதான் ஓர்வில் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் இருப்பதாலேயே அது கஷ்டமில்லை என்று ஆகிவிடும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. படித்தவர்கள் சொல்கிறார்கள், இருக்கும் போலிருக்கிறது என்று தலையை ஆட்டினார்.

அசாதாரணத்தைத் தோண்டியெடுக்க ஒரு வாழ்க்கை வரலாற்று நிபுணரை வரவழைத்தார்கள். மெலிந்த மனிதர், முகத்தில் எப்போதும் இழவு வீட்டுக்கு வந்த களை. மூன்று நாள் வந்து உட்கார்ந்து ஓர்விலின் பிள்ளைப் பருவத்தைக் கிளறினார். அப்பா குடிப்பாரா? மாட்டார், ஹார்மோனிகா வாசிப்பார். அடிப்பாரா? ஒருதரம் கொசு அடிக்கிறேன் என்று முதுகில் தட்டியிருக்கிறார். அம்மா விட்டுவிட்டுப் போனாளா? போனாள், சர்ச் சமையலுக்கு, புதன்கிழமைதோறும், போகும்போது இவரையும் கூட்டிக்கொண்டு போவாள். நிபுணர் பேனாவை மூடிவிட்டார். இருபது வருஷத் தொழிலில் இவ்வளவு மோசமான சந்தோஷத்தைத் தான் பார்த்ததில்லை என்று பிரெண்டாவிடம் புலம்பினாராம்.

அவர் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஓர்வில் அதைச் சொன்னார். உதவி செய்கிற புத்தி, விடவில்லை. ஆறு வயதில் வீட்டில் ஒரு வான்கோழிச் சேவல் இருந்ததாம். சாலையோரத் தபால் பெட்டிக்கு அவர் கடுதாசி எடுக்கப் போகும்போதெல்லாம் துரத்துமாம். ஒருதரம் கால்சட்டையைப் பிடித்துக் கிழித்துவிட்டதாம். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், அவரும் சிரித்தாராம்.

நிபுணர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “தபால் பெட்டிக்குப் போகும்போதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். தபால் பெட்டிக்குப் போகும்போதா?”

ஆமாம் என்றார் ஓர்வில். அன்றிலிருந்து அவர் தபால்காரர் இல்லை, நோயாளி. தபால் பெட்டியைத் திறந்தாலே அவர் மனதின் அடியாழத்தில் ஒரு வான்கோழி சிறகை விரிக்கிறது, அந்தப் பீதியில்தான் நோட்டீஸ்களைப் போடாமல் குதிரில் ஒளித்தார் என்று நூற்று நாற்பது பக்க அறிக்கை தயாரானது. அப்படியானால் பில்லையும் கடுதாசியையும் மட்டும் எப்படிப் போட்டேன் என்று ஓர்வில் கேட்டார். அதுதான் நோயின் சிக்கல் என்று நிபுணர் சொல்லிவிட்டார். நூற்று நாற்பது பக்கத்திலும் டயாலிசிஸ் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

லமோரோவுக்கு விஷயம் எட்டியதும் அவர் சொக்கிப்போனார். ஹாக்ஸ்டனில் அடுத்த வகுப்பு, அங்கே இந்த மனிதரையே மேடையில் நிறுத்திப் பாடம் நடத்தலாம், உயிருள்ள வழக்கு என்பதால் வக்கீலுக்கு ஒரு மணிக்கு இரண்டு மணியாகக் கணக்கு என்றார். பிரெண்டாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வகுப்பு ஒரு வியாழக்கிழமை. டயாலிசிஸ் நிலையத்துக்கு நேர் எதிரே இருந்த ஹோட்டலில். ஓர்வில் ஆர்டிஸை எதிர்க் கட்டடத்தில் இறக்கி, நாற்காலியில் சாய்த்து, போர்வையைப் போர்த்திவிட்டுச் சாலையைக் கடந்து வந்து மேடையில் உட்கார்ந்தார்.

அறுபது வக்கீல்கள். ஆளுக்கொரு காபி, ஆளுக்கொரு கையெழுத்துத் தாள். லமோரோ வெள்ளைத் தலைமுடியைக் கோதிக்கொண்டு மணியான குரலில் ஆரம்பித்தார்.

“நண்பர்களே, இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். நம்ம கட்சிக்காரங்க பெரும்பாலும் நிஜமாவே வருத்தப்படறாங்க. அதுதான் நமக்குப் பெரிய தலைவலி. நிஜமா வருத்தப்படறவனுக்கு அதைக் காட்டத் தெரியாது. தரையைப் பார்ப்பான், மென்னு முழுங்குவான். வருத்தமே இல்லாதவனைக் கொடுங்க, ரெண்டு மணி நேரத்துல தேத்திக் காட்டறேன். உண்மையை அப்படியே கோர்ட்டுக்குக் கொண்டு போறவன் சோம்பேறி. பச்சைக் கறியை விருந்தாளி தட்டுல வைக்கிற மாதிரி.”

அறுபது பேரும் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஓர்விலை எழுப்பி நிறுத்தி அழப் பழக்கினார்கள். பத்துக்கு மதிப்பெண். முதல் தடவை மூன்று கிடைத்தது. அப்பாவின் ஹார்மோனிகாவை நினைத்துப் பார்த்தார், ஐந்து. கண்ணீர் கன்னத்தில் பாதி தூரம் வரலாம், அங்கேயே நிற்க வேண்டும், துடைக்கக் கைக்குட்டை கூடாது, புறங்கைதான் எடுபடும் என்று லமோரோ தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

பிற்பகல் வகுப்பு எடுக்க நீதிபதி ஹேவர்காம்ப் வந்தார். ஓர்விலுக்குத் தண்டனை சொல்லப்போகிறவரும் அவரேதான். மாவட்டத்துக்கு ஒரு நீதிபதி, பாவம் அவர் எங்கே போவார்? வழக்கைப் பற்றி முன்கூட்டிக் கேட்பது முறையல்ல என்பதால், ஓர்வில் பெயர் அடிபடும்போதெல்லாம் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். வான்கோழி கால்சட்டையைக் கிழித்த இடத்தில் சுவரைப் பார்த்தபடியே அவர் தோள் குலுங்கியதை அறுபது பேரும் பார்த்தார்கள். நடுநிலை தவறவில்லை.

தன் முறை வந்ததும் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு, ஒரு நீதிபதியை எது நெகிழவைக்கும் என்று விளக்கினார். “பதினோரு மணி வழக்குல நான் இரக்கமா இருப்பேன். பன்னெண்டு மணி வழக்குல பசியா இருப்பேன். அதனால பன்னெண்டு மணிக்கு வர்றவங்க சுருக்கமா வருத்தப்படணும். என்கிட்ட ஒரே கதையை நாலு பேர் சொன்னா நாலாவது ஆளைத்தான் கோவிச்சுக்கறேன். மனுஷத் துன்பத்துல புதுசா எதுவும் வர்றதில்லங்கறதுதான் இந்தப் பதவியோட பெரிய துன்பம்.”

வக்கீல்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். காபி இடைவேளையில் ஓர்வில், லமோரோவைத் தனியாகப் பிடித்து, எதிர்க் கட்டடத்தைக் கைகாட்டி விஷயத்தைச் சொன்னார். லமோரோ அவர் தோளில் கையைப் போட்டு, குரலைத் தாழ்த்தி, “அதை வெளியில மூச்சு விடாதீங்க. வான்கோழி கெட்டுப்போயிடும்” என்றார்.

நவம்பர் மாதம், ஒரு புதன்கிழமை, பதினோரு மணிக்குத் தண்டனை விசாரணை. பிரெண்டா போராடி வாங்கிய பதினோரு மணி அது. மார்டெல் கிராமமே திரண்டு வந்து பின் வரிசைகளில் உட்கார்ந்திருந்தது. ஆர்டிஸ் முதல் வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் படம் போட்டார்கள். வயலின் இசை பின்னணியில் ஒலிக்க ஒரு வான்கோழி பனியில் மெதுவாக நடந்து வந்தது. அசல் வான்கோழி செத்து ஐம்பத்தைந்து வருஷமாகிவிட்டதால் இது வாடகைக்கு எடுத்தது. அடுத்து நிபுணர் ஏறி நூற்று நாற்பது பக்கத்தையும் விளக்கினார். அரசு வக்கீல் கிளைனும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் தன் பங்குக்கு ஒரு பறவை நிபுணரைக் கொண்டுவந்திருந்தார். வான்கோழிச் சேவல் வசந்த காலத்தில்தான் முறைக்கும், தபாலோ வருஷம் முழுக்க வருகிறது, ஆகவே மீதி மாதங்களின் நோட்டீஸுக்குப் பீதியைக் காரணம் சொல்ல முடியாது என்று அவர் படம் வரைந்து காட்டினார். சேவல்தானா என்பதற்கு என்ன ஆதாரம் என்று கிளைன் எழுந்தார். அலகின் மேல் தொங்கும் சதையைப் பற்றி இரு தரப்பும் முக்கால் மணி நேரம் வாதாடியது. நீதிபதி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவரை இவ்வளவு விழிப்பாகப் பார்த்ததில்லை என்று எழுத்தர் பிறகு சொன்னார்.

கடைசியில் ஓர்விலைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்தார். வகுப்பில் பழக்கியிருந்த பேச்சு சட்டைப் பையில் இருந்தது. கண்ணீர் எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று பென்சிலில் குறித்திருந்தது. அதை எடுக்கப் போனவர் முதல் வரிசையைப் பார்த்துவிட்டார். ஆர்டிஸ் வீங்கிய கணுக்காலை மற்றக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், பேச்சு மறந்துவிட்டது. தரையைப் பார்த்தார், மென்று விழுங்கினார்.

“ஐயா, நான் செஞ்சது தப்புதான். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. செவ்வாய், வியாழன், சனி இவளை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். நான் இல்லன்னா இவளுக்கு வண்டி ஓட்ட ஆளில்ல. வேற எதுவும் எனக்கு வேண்டாம்.”

லமோரோ பின்வரிசையில் தலையில் கையை வைத்துக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நூற்று நாற்பது பக்கத்தையும் முன்னும் பின்னும் புரட்டினார்.

“மிஸ்டர் நெஸ், நீங்க சொல்றது இந்தத் தாள்ல எங்கயும் இல்லையே? தாள்ல இல்லாதது என் முன்னால இல்ல. இருந்திருந்தாலும் அது சாதாரணக் குடும்பக் கஷ்டம்தான். மனுஷனா கேட்டா எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா அந்த மனுஷன் அஞ்சு மணிக்கு மேலங்கியைக் கழட்டின பிறகுதான் வருவான், அதுவரைக்கும் உங்களால காத்திருக்க முடியாது.” பிறகு அவர் குரல் கனிந்தது. “ஆனா இந்த வான்கோழி. இதை நான் தள்ளிட முடியாது.”

தீர்ப்பு வந்தது. வான்கோழியை முன்னிட்டுச் சிறை இல்லை. பதிலாக ஆறு மாதம் வீட்டுக்காவல், கணுக்காலில் ஒரு கண்காணிப்புக் கருவி.

கூடம் அதிர்ந்தது. பிரெண்டா அழுதாள், நிபுணர் முதல்தடவையாகச் சிரித்தார், லமோரோ எல்லோருக்கும் கை கொடுத்தார். கிளைனுமே வந்து, அருமையான வான்கோழி என்று பாராட்டினார். இந்த அமளிக்கு நடுவே ஆர்டிஸ் கோட்டைப் பிடித்தபடி எழுந்து வந்து பிரெண்டாவிடம் ஒரே கேள்வி கேட்டாள். “அப்ப நாளைக்கு இவர் என்னைக் கூட்டிட்டுப் போகலாமா?”

பிரெண்டாவின் முகம் செத்துவிட்டது. அதை யாரும் யோசித்திருக்கவில்லை. கண்காணிப்பு அதிகாரியிடம் ஓடினார்கள். அவர் பட்டியலைப் படித்தார். சொந்த உடம்புக்கு வைத்தியம், சர்ச், வக்கீல் சந்திப்பு, நீதிமன்றம் அங்கீகரித்த கல்வி நிகழ்ச்சி, இவற்றுக்கு வெளியே போகலாம். பக்கத்தில் இருந்தவர் பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டத்துக்குப் போகலாமா என்று தன் வழக்குக்காகக் கேட்டார், அதற்குக்கூட ஒரு படிவம் இருந்தது. மனைவியின் சிறுநீரகத்துக்குப் பட்டியலில் இடம் இல்லை.

“யார் சிறுநீரகம்? உங்களுதா?” என்று கேட்டார் அதிகாரி.

“அவளோடது.”

“உங்களுதா இருந்திருந்தா இப்பவே கையெழுத்துப் போட்டிருப்பேன். மத்தவங்களோடதுக்கு விசேஷ மனு போடணும். நூத்தியெண்பது நாளைக்குள்ள கண்டிப்பா பதில் வந்துரும்.”

ஆறு மாதம் என்பது எத்தனை நாள் என்று ஓர்வில் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் காலை நீட்டினார். கருவியை மாட்டினார்கள்.

மறுநாள் வியாழன் பக்கத்துப் பண்ணைக்காரர் கொண்டுபோய்விட்டார். சனிக்கிழமை அவர் மருமகள். செவ்வாய்க்கிழமை காற்று மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் பனியை வாரியடித்தது, யாராலும் வர முடியவில்லை. ஓர்வில் காரை வெளியே எடுத்து, வீட்டு எல்லை வரை ஓட்டினார். கணுக்கால் கூவியது. பின்னால் எடுத்தார், அடங்கியது. மறுபடி ஓட்டினார், கூவியது. உள்ளே வந்தால் ஆர்டிஸ் முகம் உப்பி, செருப்பு மாட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். “எனக்காக உள்ள போயிடாதே, ஒருநாள்தானே, சமாளிச்சுக்கறேன்” என்றாள். அவள் மூச்சு இரைப்பது அடுத்த அறைக்குக் கேட்டது. ஓர்விலுக்கு அன்றுதான் கோபம் வந்தது. அறுபத்தொரு வருஷத்தில் முதல் கோபம். யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் பனியில் நடந்துபோய்த் தபால் பெட்டியைத் திறந்தார். பெட்டி வரைக்கும் போக அனுமதி இருந்தது.

உள்ளே ஒரு விளம்பர நோட்டீஸ் கிடந்தது. புதிய தபால்காரர் விதி பிசகாதவர். பனி தொடங்குமுன் முந்தின நாளே தொண்ணூற்று நாலு வீட்டுக்கும் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

பதினோராயிரத்து நானூறு நோட்டீஸைக் குதிரில் அடைத்த மனிதர், வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு நோட்டீஸை அங்கேயே நின்று மேலிருந்து கீழ்வரை படித்தார். அட்டையில் சிறகு விரித்த வான்கோழி. பக்கத்தில் புறங்கையால் கண் துடைக்கும் அவருடைய படம். ‘மாபெரும் வெற்றியைத் தொடர்ந்து, பேராசிரியர் லமோரோவின் குளிர்காலச் சிறப்பு வகுப்புகள். நீதிமன்ற அங்கீகாரம் பெற்றது. ஹாக்ஸ்டன், மே மாதம் வரை. செவ்வாய், வியாழன், சனி.’

ஓர்வில் வீட்டுக்குள் ஓடிவந்து லமோரோவுக்குத் தொலைபேசினார். உயிருள்ள வழக்கு ஒன்று வேண்டுமா சார் என்று கேட்டார். லமோரோ ஆனந்தத்தில் தடுமாறிப்போய், வாரம் மூன்று நாளும் வர முடியுமா என்று கெஞ்சினார். அடுத்து கண்காணிப்பு அதிகாரிக்குத் தொலைபேசினார். கல்வி நிகழ்ச்சிக்குப் பத்தே நிமிஷத்தில் அனுமதி வந்தது. திருந்துகிற மனிதர் என்று பாராட்டும் வந்தது. காரில் பக்கத்து இருக்கையில் யார் உட்காரலாம் என்று விதியில் ஒன்றும் இல்லை. பனி கொஞ்சம் தணிந்ததும் அன்று மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். எல்லையைத் தாண்டும்போது ஆர்டிஸ் அவர் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கூவவில்லை.

அதிலிருந்து வாரம் மூன்று நாள் ஓர்வில் மேடையேறி வான்கோழிக்காக அழுதார். எதிர்க் கட்டடத்தில் நாலு மணி நேரம், இங்கே நாலு மணி நேரம், மத்தியானச் சாப்பாடு சேர்த்தி. வக்கீல்கள் மின்னசோட்டாவிலிருந்தெல்லாம் வந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனார்கள். ஏப்ரலில் நீதிபதி ஹேவர்காம்ப் மறுபடி வந்தபோது, வழக்கு முடிந்துவிட்டதால் நாற்காலியைத் திருப்பாமல் நேராகவே பார்த்து ரசித்தார். மே மாதம் கடைசி வகுப்பில் லமோரோ அவருக்குப் பத்துக்குப் பத்து போட்டார். தன் தொழில் வாழ்க்கையில் யாருக்கும் அதுவரை போட்டதில்லை என்று மேடையிலேயே அறிவித்து, இந்தக் கண்ணீரை எப்படி வரவழைக்கிறீர்கள் என்று வகுப்புக்குச் சொல்லுங்கள் என்றார். எல்லாம் அந்த வான்கோழிதான் சார் என்று சொல்லிவிட்டு ஓர்வில் இறங்கினார்.

அன்று திரும்பி வரும்போது சூரியகாந்தி வயலெல்லாம் உழுது கிடந்தது. ஆர்டிஸ் கையில் ஊசி குத்தின இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

“ஏன் ஓர்வில், நிஜமாவே அந்த வான்கோழியை நினைச்சா உனக்கு அழுகை வருது?”

“முதல் நாள்தான் வான்கோழிக்கு அழுதேன்” என்றார் ஓர்வில், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “அப்புறமெல்லாம் ஜன்னல் வழியா எதிர்க் கட்டடத்தைப் பார்ப்பேன். கீழ்த்தளம், இடமிருந்து ரெண்டாவது ஜன்னல். உன் போர்வை தெரியும்.”

ஊருக்குத் திரும்புகிற வளைவு வந்ததும் ஆர்டிஸ் பஞ்சை மடித்துக் கைப்பையில் போட்டாள்.

“வெயில் அடிக்குதுன்னு நான்தான் சில நாள் திரையை மூடச் சொல்லுவேன். சொல்லியிருக்கக் கூடாதா?”

“அந்த நாள்ல ஏழுதான் கிடைச்சுது” என்றார் ஓர்வில்.